கல்யாணக் கள்

கல்யாணத்துக்குக் கள் கேட்டு வருகிறவரிடம் என் அப்பா முதலில், "பந்தி எத்தன மணிக்கு?" என்று கேட்பார். எவ்வளவு வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். குறைந்தால் பக்கத்துத் தோட்டத்து மரமேறியிடம் சொல்லி வைக்கலாம், கூடினால் கடையில் விற்றுவிடலாம். மணி தெரியாமல் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தென்னங்கள்ளின் ஆயுள் ஒரு நாள். விடியற்காலையில் இறக்கியது இனிக்கும். பொழுது சாயும்போது காரம் ஏறும். மறுநாள் காலையில் புளித்து நிற்கும். இதில் எந்தப் பதம் பந்தலுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், எந்த மரத்தில் எந்தப் பாளையைக் கட்டுவது என்ற இடத்தில், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்து நிற்போம். எங்கள் தொழிலில் கல்யாண வேலை என்றால் இந்த எண்ணிக்கைதான். மரம் ஏறுவது உடம்புக்குச் சீக்கிரம் பழகிவிடும். இது பழக வருஷங்கள் பிடிக்கும்.

லாபிஸ் தென்னைக்குப் பேர்போன ஊரில்லை. ஜொகூரில் தென்னை என்றால் பத்து பகாட், பொந்தியான் பக்கத்துக் கடலோரம். நாங்கள் உள்நாடு. சிகாமாட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய சின்னப் பட்டணம். சுற்றிலும் முன்பு கித்தா என்கிற ரப்பர், பிறகு செம்பனை. ஆனாலும் தோட்டங்களில் தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால் ஒரு தென்னை வரிசை இருந்தது. தேங்காய்க்கு வைத்ததில்லை, தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு வைத்தது. மரம் தோட்டத்துச் சொத்து, உரிமம் கடையின் பேரில், ஏறி இறங்குவது அப்பா. பள்ளிவிட்டு வந்து நான் கீழே நின்று கலயம் வாங்குவேன், வடிகட்டுவேன், கழுவிக் கவிழ்த்து வைப்பேன். தோளும் காலும் உறுதிப்பட்ட பிறகு மேலே போனேன். 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது செய்யக் கூடாது, கள்ளும் அதில் அடக்கம். அதனால் கல்யாணத்துக்குப் போகிற கள்ளும் கடைக் கணக்கில் எழுதித்தான் போகும். தோட்டத்துக் கணக்கரான கிராணி கையெழுத்துப் போடாமல் அப்பா ஒரு கலயத்தைக்கூட வெளியே கொடுத்ததில்லை.

பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கள் தேங்காயிலிருந்து வருகிறது என்ற நினைப்பு இருக்கிறது. தேங்காயாகப் போக வேண்டிய சத்து, தேங்காய் ஆவதற்கு முன்பே நம்மிடம் வந்துவிடுவதுதான் கள். நன்றாகக் காய்க்கிற தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை விடும். பூக்கள் அந்த உறைக்குள் மூடியிருக்கும். மரம் தன் இலையில் செய்த சர்க்கரையை அந்தப் பூக்களை வளர்க்க அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பாளை விரியாமல் கட்டி, தட்டி, நுனியைச் சீவினால், அனுப்பிய சர்க்கரை நீர் அந்த வெட்டு வாயில் சொட்டும்.

பாளையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிக் காரியம். இளசாகப் பிடித்தால் நீர் கட்டாது. முற்றவிட்டால் ஒரே இரவில் பிளந்து பூவைக் காட்டிவிடும், பிறகு அது தேங்காய்க்குத்தான் ஆகும். வெடிக்க நாள் நெருங்கிய பாளையின் அடிப்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும், உள்ளே குரும்பைப் பூ திரண்டதற்கு அடையாளம். கையால் தடவிப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார். அந்தப் பதத்தில் நுனியிலிருந்து அடிவரை நாரால் நெருக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். அதன் பிறகு காலையும் மாலையும் கட்டையால் தட்ட வேண்டும். இதை எழுத்தில் சொல்வது கடினம். உறை கிழியக் கூடாது, உள்ளே இருக்கிற பூக்கள் மட்டும் நோக வேண்டும். ஒரே இடத்தில் தட்டினால் அந்த இடம் அழுகும். சுற்றிச் சுற்றி, அடியிலிருந்து நுனிக்கு, ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் நாட்களில் சத்தம் 'டக் டக்' என்று காய்ந்து கேட்கும். நீர் இறங்கத் தொடங்கிய பாளையில் சத்தம் ஈரமாக மாறும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். நான் தட்டும்போது கீழே நின்று கேட்டே, "அந்தப் பக்கம் விட்டுட்டே" என்பார்.

நாலைந்து நாள் தட்டிய பிறகு நுனியை வெட்டுவோம். அதோடு பாளையை நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே வளைத்துக் கட்ட வேண்டும், நீர் கலயத்துக்குள் சொட்டுவதற்கு. அவசரப்பட்டு வளைத்தால் அடியில் முறியும். முதல் கட்டிலிருந்து நல்ல சொட்டு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு தினம் இரண்டு வேளையும் ஏறி, வெட்டு வாயை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வாய் உலர்ந்து மூடிக்கொள்ளும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். காகிதக் கனத்துக்குச் சீவுகிறவன் கையில் ஒரு பாளை ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். இதற்கென்று தனி அரிவாள் உண்டு. அதை வேறு எதற்கும் தொட விடமாட்டார் அப்பா. வீட்டில் வாழைப்பழம் நறுக்கக்கூட எடுக்க முடியாது.

ஒரு மரம் நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை கொடுக்கும். மழை, வெயில், மரத்தின் வயசு, ஏறுகிறவன் கை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கல்யாணத்துக்கு 100 லிட்டர் என்றால் 60, 70 மரமாவது அந்த ஒரு நாளில் நன்றாகச் சொட்ட வேண்டும். ஒருவர் அத்தனை மரத்தை இரண்டு வேளையும் ஏற முடியாது. அதனால் பெரிய கல்யாணம் என்றால் இரண்டு மூன்று மரமேறிகள் சேர்ந்துதான் செய்வோம். இலங்கையின் மேற்குக் கரையில் களுத்துறைப் பக்கம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கயிறு கட்டி, இறங்காமலே கயிற்றின் மேல் நடந்து பல மரங்களைச் சீவிவிடுகிறார்கள். எங்கள் தோட்டத்து மரங்கள் அப்படி நெருக்கமாக, ஒரே உயரத்தில் இல்லை. ஒவ்வொன்றாக ஏறி ஒவ்வொன்றாக இறங்கினோம்.

இதில் பெரிய சோதனை மார்கழி. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மார்கழி முடிந்து தை பிறந்ததும் வரிசையாக வரும். தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் பாளை கட்ட வேண்டும், மார்கழியில்தான் ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பக்கத்துத் தெனாங் சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலை 2011 ஜனவரி 30ஆம் தேதி வெள்ளத்துக்கு நடுவில்தான் நடத்தினார்கள். அப்படிப்பட்ட மழையில் தென்னைத் தண்டு வழுக்கும், காலில் மாட்டுகிற தளை பிடிக்காது. கலயத்தில் மழைநீர் இறங்கிச் சர்க்கரை நீர்த்துப்போகும். வெட்டு வாயில் பூஞ்சை பிடிக்கும். மட்டையைக் கூரைபோல மடக்கிக் கலயத்துக்கு மேல் கட்டுவோம், பாளை வாய்க்கு ஒரு தோல் துண்டைச் சுற்றுவோம். மழை விடாத காலையில் அப்பா ஏறமாட்டார், என்னையும் ஏறவிடமாட்டார். "கல்யாணம் கள்ளு இல்லாம நடக்கும்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்" என்பார். மழையை நினைத்துத்தான் தைக் கல்யாணத்துக்குத் தேவைக்கு ஒன்றரை மடங்கு பாளை கட்டி வைப்பது எங்கள் வழக்கம். சிலது பழுதானாலும் மற்றது கைகொடுக்கும்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது கள் இல்லை, இனிப்பு நீர். நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பங்கு சர்க்கரை இருக்கும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் அந்த இனிப்பு அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் பனையில் பதநீர் இறக்குவது இப்படித்தான். இங்கே மலாய்க்காரர்கள் தென்னை நீரா என்று சாலையோரத்தில் குளிர வைத்து விற்கிறார்கள், அதையே காய்ச்சிக் கூலா மலாக்கா செய்கிறார்கள். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் முந்தின நாள் மண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றிலிருந்தும் பூவிலிருந்தும் மண்டியிலிருந்தும் வருகிற ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் முதல் சொட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடும். நாம் ஒன்றும் சேர்ப்பதில்லை, காய்ச்சுவதில்லை, மூடி வைப்பதில்லை. ஒரு பக்கம் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். இன்னொரு பக்கம் வேறு நுண்ணுயிர்கள் புளிப்பைக் கூட்டும். ஒரு நாளில் ஐந்து விழுக்காட்டை ஒட்டிப் போதை ஏறிவிடும், பீர் அளவுதான். அதற்கு மேல் வைத்தால் போதை கூடாது, காடிதான் கூடும்.

இரவுக் குளிரில் இறங்கிய காலைக் கள்ளும், பகல் வெயிலில் ஊறிய அந்திக் கள்ளும் ஒன்றில்லை. காலைக் கள்ளில் இனிப்பு தூக்கல், நுரை மெல்லிசு, பெரியவர்கள் பெண்கள் எல்லாரும் ஒரு வாய் குடிக்கலாம். அந்திக் கள் நாக்கைக் கடிக்கும். மதியப் பந்திக்கு அப்பா இரண்டையும் கலப்பார். முந்தின மாலை இறக்கியதில் ஒரு பங்கு, அன்றைக்குக் காலை இறக்கியதில் மூன்று பங்கு. பழையது புதியதைக் கிளப்பிவிடும். விடியற்காலை ஆறு மணிக்குக் கலந்தால் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குச் சரியாக நுரைத்து நிற்கும். இராத்திரி விருந்துக்குக் காலைக் கள்ளை மட்டும் நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்து, அந்தியில் இறக்கியதைப் போகிற வழியில் சேர்ப்பார். இந்தக் கணக்கு அவர் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. நுரையின் சத்தத்தைக் கேட்டுப் பங்கை மாற்றுவார். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மணி தெரியும்.

எடுத்துப்போவது தனி வேலை. கள் நிறைந்த பாத்திரத்தை இறுக்கி மூடினால் வாயு அடைத்து வெடிக்கும். வாய் அகன்ற பீப்பாயில் முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும், மேலே துணி கட்ட வேண்டும். லோரியில் குலுங்கினால் பாதி நுரையாகப் போய்விடும். அதனால் பந்தல் அருகிலுள்ள லயமாக இருந்தால் காவடிபோல் தோளில் தூக்கித்தான் போனோம். தேனீ, எறும்பு, கொசு எல்லாம் கலயத்தில் விழுந்திருக்கும். துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. இரவில் மரநாய் வந்து கலயத்தில் வாய்வைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட மரத்தின் கள்ளை அன்றைக்கு ஊற்றிவிடுவோம், கணக்கில் நட்டம்தான்.

யார் குடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாலி கட்டும் மேடைக்கும் கோயிலுக்கும் கள் போகாது. அன்றைய பந்தி சைவம். முந்தின நாள் பந்தல் போட்ட இளைஞர்கள், இரவெல்லாம் அண்டா கிளறிய சமையல்காரர்கள், உறுமி மேளம் அடித்தவர்கள், இவர்களுக்குத்தான் முதல் மங்கு. கல்யாணம் முடிந்த மறுநாள் கறி விருந்து இருக்கும், அதுதான் கள்ளின் இடம். ஆட்டுக்கறியும் மொச்சையும் வைத்துச் சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்வார்கள். மலாய்க்கார நண்பர்களுக்குத் தனிப் பந்தல், தனிச் சமையல். அந்தப் பக்கம் ஒரு மங்குகூடப் போகாமல் பார்த்துக்கொள்வது பெண் வீட்டாரின் பொறுப்பு, எங்கள் பொறுப்பும்தான். வயசான பாட்டிகள் காலைக் கள்ளில் ஒரு சின்னக் குவளை கேட்டு வாங்குவார்கள். அவர்கள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கள்ளை எதிர்த்தவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு கேட்டார்கள், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள், கள்ளுக்கடையையும் மூடச் சொன்னார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டார்கள். அவர்கள் கண்டது உண்மை. கூலியைக் கொடுக்கிற தோட்டமே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடையும் வைத்திருந்தது. சம்பள நாள் சாயங்காலம் அந்தக் கடை வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். என் வீட்டு அடுப்பு அந்தக் கடையால்தான் எரிந்தது என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். தினம் மாலை கூலியைக் கரைக்கிற கடை வேறு, வருஷத்தில் ஒரு நாள் ஊரே கூடிக் குடிக்கிற கல்யாணக் கள் வேறு. முதலாவதை மூடச் சொன்னவர்கள் பக்கம்தான் என் மனசும் நிற்கிறது.

ஆனால் மரத்தின் மேல் கோபப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியார் 1921இல் சேலம் பக்கம் தாதம்பட்டியில் தம்முடைய தென்னைகளை, 500க்கும் மேல், வெட்டிச் சாய்த்தார் என்று தமிழர் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அவர் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து தோட்டத்து மக்களுக்குச் சொன்ன நல்ல சொற்களை எங்கள் தாத்தா தலைமுறை மதித்தது. நானும் மதிக்கிறேன். இருந்தும் அந்த மரங்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. அங்கே கள்ளுக்குப் பதில் மக்கள் பாலைக் குடிக்கவில்லை. இங்கேயும் கள்ளுக்கடைகள் குறைந்த இடத்தில் சம்சு என்கிற சாராயம் வந்து உட்கார்ந்தது. சின்னப் போத்தல், மலிவு விலை, கள்ளைப்போல் பல மடங்கு காரம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல வருஷம் அதை எதிர்த்துக் கத்தியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள், அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். தென்னை நீர் தானாகப் புளிக்கும்போது அந்த விஷம் ஆபத்தான அளவுக்கு வருவதே இல்லை. யார் இறக்கியது, எப்போது இறக்கியது என்று ஊருக்கே தெரிந்த ஒரு பானத்தை இழந்துவிட்டு, யார் செய்தது என்று யாருக்கும் தெரியாத போத்தலுக்கு நம் மக்கள் போனார்கள். இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

தோட்டத்து ஆட்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்து, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து, லயங்கள் காலியான பிறகு எங்கள் கடையும் மூடியது. கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போயின. மேசைக்கு மேசை டின் பீர் வந்தது.

என் அண்ணன் மகன் மெல்பர்னில் வேலை செய்கிறான். ஒரு நாள் போனில், "சித்தப்பா, என் கல்யாண டின்னருக்கு பீர் நானே காய்ச்சப் போறேன். தேன்ல ஒரு மதுவும் போடலாம்னு இருக்கேன், மீட்னு சொல்வாங்க" என்றான். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கென்று பீரும் பழமதுவும் செய்துகொள்ள உரிமம் வேண்டியதில்லை, வடித்து இறக்கும் சாராயத்துக்குத்தான் தடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பந்தி எப்போ?" என்று கேட்டேன். தேதியைச் சொன்னான். "அப்ப எண்ண ஆரம்பி" என்றேன்.

அவன் படித்துப் படித்து எனக்குச் சொன்னதில் நான் நிறையக் கற்றேன். பார்லியில் சர்க்கரை இல்லை, மாவுதான் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை இடித்து 65 முதல் 68 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், முளையில் உண்டான நொதிகள் மாவைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். 20 டிகிரிக்கு உள்ளே இரண்டு வாரம். பிறகு போத்தலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அடைத்து இன்னும் இரண்டு வாரம், வாயு ஏறுவதற்கு. நாம் கலயத்தை வாய்திறந்து விடுகிறோம். அவர்கள் காற்றுக்கே வழி வைக்காமல் மூடி, வாயு மட்டும் வெளியேற ஒரு தண்ணீர் அடைப்பு வைக்கிறார்கள். பாத்திரம், குழாய், கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்கித்தான் தொடுகிறார்கள். கசப்பான ஹாப்ஸும் புளிப்பு நுண்ணுயிரைத் தடுத்து வைக்கிறது. அதனால்தான் பீர் மாதக்கணக்கில் நிற்கிறது. கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னால் காய்ச்சினால் போதும்.

தேன் மதுவின் கணக்கு வேறு. ஒரு கிலோ தேனுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் பன்னிரண்டு விழுக்காட்டுக்குப் போதை வரும். நொதிப்பது சில வாரம், தெளிந்து காரம் அடங்கிக் குடிக்கத் தோதாக வர ஒரு வருஷம். அவன் முதல் பானையில் அழுகிய முட்டை நாற்றம் வந்து பயந்து போனான். தேனில் சர்க்கரை ஏராளம், ஈஸ்ட்டுக்கு வேண்டிய தழைச்சத்து மிகக் குறைவு, பட்டினி கிடக்கிற ஈஸ்ட் அந்த நாற்றத்தை விடும் என்று பிறகு தெரிந்துகொண்டு, ஈஸ்ட் உணவைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தான், சரியாயிற்று. பாளை நீரில் சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் சேர்ந்து வருவதால்தான் எங்கள் கலயத்தில் ஈஸ்ட் பட்டினி கிடந்ததில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. இங்கே கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத தேனீயின் தேன் ஏன் போத்தலிலேயே பொங்குகிறது என்பதும் விளங்கியது. அதில் தண்ணீர் அதிகம், ஈஸ்ட் பிழைக்க இடம் கிடைக்கிறது. கெட்டித் தேனில் அதற்கு வழியில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு அம்மா சொல்றாங்க சித்தப்பா" என்றான் ஒரு நாள். லாபிஸில் தமிழ் படித்துக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு, நானே வாங்கிப் படித்த நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங் கண்ணனார் அதில் வலைஞர் வீட்டு மதுவைச் சொல்கிறார். அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையரிசியைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையவிடுகிறார்கள். முளைத் தானியத்தால் மாவைச் சர்க்கரையாக்குகிற அதே வேலை, பார்லிக்குப் பதில் நெல். திருமுருகாற்றுப்படையில் கானவர் என்னும் வேடர்கள் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன் மதுவைச் சொந்தங்களோடு குடித்து மகிழ்கிறார்கள். இவற்றை எடுத்துச் சொன்னதும் அண்ணி, "அப்ப நல்லா செய்யச் சொல்லு" என்றார்.

அவனுக்கு நான் சொல்ல முடிந்தது கல்யாணக் கணக்கு ஒன்றைத்தான். தேன் மதுவை முந்தின வருஷமே போடு, வந்தவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் கொடு, அது குடித்துத் தீர்க்கிற பானமில்லை. பீரை ஆறு வாரம் முன்னால் காய்ச்சு, ஒரு முறைக்கு இரண்டு முறையாகப் பிரித்துக் காய்ச்சு, ஒன்று கெட்டாலும் பந்தி நிற்காது. விருந்துக்கு முதல் நாள் போத்தல்களை நகர்த்தாதே, மண்டி கிளம்பும். குடிக்காதவர்களுக்கும் கையில் பிடிக்க அதே அழகுள்ள ஒரு குவளையில் வேறு பானம் இருக்க வேண்டும், கல்யாணத்தில் யாரும் ஓரமாக நிற்கக் கூடாது. அவன் அதற்கு இஞ்சி நீரை நுரைக்கவிட்டுச் செய்தான். கடைசிப் பந்தி முடியும்வரை பீர் சரியாக வந்தது. என் கை படாத மதுவுக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது என் வீட்டுக்குப் பின்னால் மலாயன் குட்டைத் தென்னைகள் சில இருக்கின்றன. தரையில் நின்றபடியே பாளையைத் தொடலாம், இந்த வயசுக்கு அதுதான் தோது. உரிமம் இல்லாததால் கள் இறக்குவதில்லை, கலயத்தில் சுண்ணாம்பு தடவி நீரா மட்டும் இறக்குகிறேன். குடும்பத்துக் கல்யாணங்களுக்குக் காலையில் இறக்கி, தெளியவைத்து, வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். மண்டபத்து வாசலில் பன்னீருக்கும் சந்தனத்துக்கும் பக்கத்தில் வைக்கிறார்கள். மலாய் நண்பர்களும் சேர்ந்து குடிக்கிறார்கள். சுண்ணாம்பு அளவு கூடினால் நாக்கில் காரும், குறைந்தால் மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். இதற்கும் அதே எண்ணிக்கைதான் வேண்டியிருக்கிறது. வருகிற வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பாளை கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மெல்பர்னில் இருக்கிறவன் கேட்டிருக்கிறான். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் வருகிறேன் என்றான். சித்திரை பிறந்ததும் வந்துவிடு, முதல் பாளை அப்போதுதான் கட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.